மச்சான் எழுந்திருப்பதற்குள்

குறட்டை ஆரம்பித்துவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்பும், அதற்கு மேல் இரண்டு தடவை வாங்கிக் குடித்த ரசமும் சேர்ந்து மச்சானை ஹாலில் பாயோடு சாய்த்துவிட்டன. இனி ஒன்றரை மணி நேரம். போன தீபாவளிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கினார். அதற்கு முன்னால் பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் குக்கர் விசில் அடித்து நாற்பதாவது நிமிஷமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதனால் ஒன்றரை என்று நம்பாதே, ஒரு மணி என்று வைத்துக்கொள். இப்போது இரண்டு நாற்பது. மூன்று நாற்பதுக்குள் முடித்து, மூடியைப் போட்டு, கண்ணாடியையும் தேய்த்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு வெளியே போய் உட்கார்ந்து பேப்பர் பார்க்க வேண்டும். ராசாங்கம் மச்சான் என் மனைவி ஜெயக்கொடியின் ஒரே அண்ணன். போடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர், சாப்பிட உட்காரும் முன்னால் தானாகவே வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கண்ணாடில கீறல் விழுந்துருச்சு மாப்ள. அடுத்த ஞாயித்துக்கிழம பாப்பாவுக்குப் பூ வைக்க வர்றாங்க. அன்னைக்கு அப்பா பளிச்சுனு இருக்கணும்ல," என்றார். பாப்பா அவர் மகள் கௌசிகா, வாட்ச் செத்துப்போன அவர் அப்பாவுடையது. வாட்ச் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அப்பா பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார். நான் சிரித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் சிரிப்பான்.

இந்த அறையை ஜெயக்கொடி ஆஸ்பத்திரி என்பாள். அரிசி மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, மேஜை மேல் விளக்கு, கண்ணில் மாட்டும் லென்ஸ், நான்கு இடுக்கிகள், பெட்ரோல் ஊற்றிய ஒரு பாட்டில் மூடி, பிஸ்கட் டப்பாக்கள் ஒன்பது. டப்பாக்களில் மொத்தம் நூற்றுப் பதினேழு வாட்சுகள் இருக்கின்றன. எல்லாம் விலை குறைந்தவை, சாவி கொடுத்தால் ஓடுகிறவை, சொந்தக்காரர்களுக்கே வேண்டாமல் போனவை. தங்க முலாம் போட்ட பணக்கார வாட்சுகள் மேல் எனக்கு ஆசையே வந்ததில்லை, அவற்றைப் பார்க்க ஆள் இருக்கிறது. கண்டக்டர் கையிலும் வாத்தியார் கையிலும் முப்பது வருஷம் கிடந்து வியர்வை குடித்து, கடைசியில் ஆணியில் தொங்கி, அப்புறம் பேரப்பிள்ளை சுவரில் அடித்து விளையாடிய வாட்ச் இருக்கிறதே, அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் காட்டி ஓட வைக்கும்போது என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும், அதை யாரிடமும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டர் பார்க்கிறவன் நான். என்னைப் பார்த்தால் ஜனங்களுக்கு முகம் சுருங்கும். படியில் நின்று யூனிட் எழுதிவிட்டு, "பழைய சாவி வாட்சு ஏதாச்சும் கெடக்காம்மா?" என்று கேட்டால் மட்டும் சுருக்கம் போய்விடும். தேடி எடுத்துக் கொடுப்பார்கள், கூடவே அந்த வாட்சைக் கட்டியிருந்தவரின் கதையும் வரும். சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான் எனக்கு ஒரு பேர் கிடைத்தது. மாப்ள கை பட்டா ஓடும். கல்யாண வீடுகளில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தவனை முன் வரிசைக்குக் கூப்பிட்டது அந்த ஒரு பேர்தான். அந்தப் பேருக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று இப்போது என்னிடம் நானே ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம், இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

மூடி கழன்றுவிட்டது. மோந்து பார்க்கிறேன். வாசனை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை திறந்தபோது ஏலக்காய் வாசனை வந்தது, சத்தியமாக வந்தது. என் மாமனார் சுருளிவேல் போடியில் ஏலக்காய் மண்டியில் எடை போட்டவர், மூட்டைக்குள் கையை விட்டு விட்டு அந்தத் தூசி மூடியின் விளிம்பில் பச்சையாகப் படிந்து கிடந்தது. அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் முக்கி, சுத்தம் என்று காட்டினேன். பெரிய சுத்தம். அப்போது மாமா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம், தெவசத்துக்கு நான்கு நாள், மச்சான் வந்து இந்த ஜனதா வாட்சைக் கொடுத்து, "ஒம்பது வருஷமாப் பெட்டில கெடந்துச்சு மாப்ள, அன்னைக்கு இதக் கட்டிக்கிட்டுத் தான் படையல் போடணும்னு இருக்கேன், முடியுமா," என்றார். முடியுமாவா? என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். எல்லாம் நன்றாகத்தான் போனது. துரு கொஞ்சம்தான். பிரித்தேன், துடைத்தேன், சேர்த்தேன், கடைசியில் பேலன்ஸ் சக்கரத்தை வைத்தேன். உள்ளே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்குமே, அந்தச் சக்கரம். ஆடியது. மாமா செத்து ஒரு வருஷம் கழித்து மாமாவின் வாட்ச் என் கண் முன்னால் ஏழெட்டு விநாடி ஆடியது. அந்தச் சக்கரத்துக்கு நடுவே ஒரு அச்சு, அச்சின் முனை தலைமுடியில் பாதி கனம். முனை கீழே கல்லின் குழிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே உள்ள திருகை இறுக்க வேண்டும், இது முதல் நாள் பாடம். ஆடுகிறதே என்ற சந்தோஷத்தில் அரைத் திருகோடு அப்படியே விட்டு ஜெயக்கொடியைக் கூப்பிட எழுந்தேன், முழங்கை மேஜையில் இடித்தது, முனை குழியை விட்டு நகர்ந்திருக்கிறது, திரும்ப உட்கார்ந்தவன் பார்க்காமல் திருகை இறுக்கினேன். சத்தம் கூட வரவில்லை. முனை ஒடிந்து சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

குறட்டை நின்றுவிட்டதே. இல்லை, புரண்டு படுக்கிறார். வாயைச் சப்புக்கொட்டுகிறார். மறுபடி தொடங்கிவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் கனமாக. நல்லது. சாவி திருகும் குமிழை மெல்ல இழுத்து வெளியே எடு. இந்தா வருகிறான் அயலூர்க்காரன். இரண்டு வருஷமாக மச்சான் கையில் ஓடுவது இவன்தான். மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் செத்த வாட்சுகள் முப்பத்தெட்டைக் கூடையோடு வாங்கி வந்திருந்தேன். அதில் ஒன்றே ஒன்று, கண்ணாடி இல்லை, வார் இல்லை, முள் இல்லை, கையில் எடுத்துக் குலுக்கியதும் தானாக ஓடியது. அதுவும் ஜனதாதான், அதே மிஷின். தெவசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அச்சு உடைந்தால் புது அச்சு போட எனக்கு அப்போது தெரியாது. மாமாவின் டயல், மாமாவின் முள்கள், மாமாவின் கூடு எல்லாவற்றையும் இவன் மேல் மாட்டினேன். வெளியே பார்த்தால் மாமா, உள்ளே எவனோ. தெவசத்தன்று இலைக்கு முன்னால் மச்சான் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். அத்தனை பேர் முன்னால், ஐம்பத்தைந்து வயசு ஆம்பளை, அழுதார். "அப்பா ஓடுறாரு மாப்ள," என்று என்னைக் கட்டிக்கொண்டார். வாட்ச் கட்டிய அவர் கை என் கழுத்துக்குப் பின்னால் இருந்தது, எனக்கும் கேட்டது, டிக் டிக் என்று இவன் ஓடிக்கொண்டிருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். அழுகிறவரிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் சித்தப்பா மருமகன் தன் அப்பாவின் வாட்சைக் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, உங்க கை பட்டா ஓடும்னு சொன்னாங்க," என்றான். அதற்கு மறுநாள் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. பொய்யைச் சொன்னவனுக்கு ஒரு நாள் வேலை, காப்பாற்றுகிறவனுக்குத் தினமும் வேலை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மச்சானின் மணிக்கட்டைத்தான்.

இன்றைக்குச் சொல்லிவிடலாமா? எழுந்ததும் காபி கையில் கொடுத்து, மச்சான் ஒரு விஷயம் என்று ஆரம்பித்து... வேண்டாம். மாற்றி வைத்துவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும்? பொய்யே இல்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் எதை ஒத்துக்கொள்வது? திருடினவன் பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் அது திருட்டா? திருட்டுதான், ஆனால் யாருக்கும் நஷ்டம் இல்லாத திருட்டு. மாமாவின் மிஷினை அன்றைக்கே ஒரு சின்ன டப்பியில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை அந்தப் பக்கம் காட்ட மாட்டேன். அச்சு மாற்றப் பழகினேன். செத்த மிஷின்கள் பதினான்கை அதற்காகவே பாழாக்கினேன், பதினைந்தாவது ஓடியது. கோயம்புத்தூரில் என்னைப் போல ஒரு பைத்தியம், போனில் மட்டும் பழக்கம், அவர் ஒரு அச்சை மருந்துச் சீட்டில் மடித்துத் தபாலில் அனுப்பினார். போன வியாழக்கிழமை மாமாவின் சக்கரத்தில் அதைப் பொருத்தினேன். மூன்று நாளாக ஓடுகிறது. இப்போது ஒரு சந்தேகம் வருகிறது, வேண்டாத சந்தேகம். அச்சு கோயம்புத்தூர், சுருள் வில் நான் போன மாதம் போட்டது, அப்படியானால் மாமா எது? சக்கரம் மாமா. பல்சக்கரங்கள் மாமா. அடித்தட்டு மாமா. போதும், இதற்கு மேல் யோசித்தால் மனுஷனையே பிரித்துப் பார்க்க வேண்டி வரும், மாமாவுக்கே கடைசிக் காலத்தில் பல் செட்டு, கண்ணுக்கு லென்ஸ், காலில் ஒரு கம்பி. அவர் சுருளிவேல் இல்லை என்று யாராவது சொன்னோமா? மாமாவுக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்காது. பெண் கேட்டுப் போனபோது, "மீட்டர் பாக்குறவுகளா, வெயில்ல அலையணுமே," என்றார், அத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் கொடுத்தார், அது வேறு. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து இருபது வருஷம், அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாட்ச் நின்றுபோய் ஒன்பது வருஷம் பெட்டியில் கிடந்தது. மாப்ள, இதைப் பாருங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முள் கழற்ற வேண்டும். டயலில் கீறல் விழாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளில் வெட்டு விட்டு உள்ளே நுழைத்து, மேலே நெம்பு. சின்ன முள் வந்தது. பெரிய முள் வந்தது. விநாடி முள் தனியாகக் கீழ் வட்டத்தில் இருக்கிறது, கொசுவின் கால் அளவு, அதைத் தொடும்போது மூச்சு விடக் கூடாது. வந்துவிட்டது. டயலைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்து, டயல் தனியாக வந்துவிட்டது. இப்போது மேஜை மேல் இரண்டு மிஷின்கள், இரண்டுமே அம்மணமாக, இரண்டுமே ஓடுகின்றன. அயலூர்க்காரன் சீராக, அவசரமாக, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. மாமாவுக்கு லேசான நொண்டல், டிக் டக், நடுவில் ஒரு சின்ன இழுப்பு, மேட்டில் ஏறுகிறவர் மாதிரி. எதையும் கலைத்துவிடக் கூடாது. டயலை மாமா மேல் வை, திருகை இறுக்கு. சின்ன முள் மாட்டியாகிவிட்டது, பெரிய முள் மாட்டியாகிவிட்டது, விநாடி முள்ளை இடுக்கியில் பிடித்து கீழ் வட்டத்து நடு ஊசிக்கு நேராகக் கொண்டுவந்து,

"என்னங்க இது, ஃபேனக்கூடப் போடாம இப்படி வேர்த்து ஊத்துது!"

ஜெயக்கொடி. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டிவிட்டாள். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, இடுக்கி முனையில் முள் இல்லை. நான் கத்தவில்லை, கத்தினால் மச்சான் எழுந்துவிடுவார், அணை அணை என்று கையால் காட்டினேன். குறட்டை நின்றிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஹாலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு பெருமூச்சு, கடைசியில் குறட்டை. ஜெயக்கொடி ஃபேனை அணைத்துவிட்டுத் தரையில் குனிந்தாள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் கறுப்பு முள்ளின் நிழல் நீளமாக விழும், அப்படித்தான் தேடுவது. அரிசி மூட்டைக்கு அடியில் இல்லை. மேஜைக் காலில் இல்லை. என் ஆயுசில் பாதியை இப்படிக் குப்புறப் படுத்தே கழித்திருக்கிறேன். "அசையாதீங்க," என்று என் பனியனில் நெஞ்சுக்கு மேலே இருந்து நகத்தால் ஒட்டி எடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் மேஜையைப் பார்த்தாள். "அது என்ன, ரெண்டு இருக்கு?" என்றாள். "இது சும்மா, பழசு," என்றேன். அயலூர்க்காரன் மேல் கையை வைத்து மறைத்தேன். அவள் டயலை மட்டும் பார்த்தாள். "அப்பா இத உங்ககிட்ட ஏன் குடுக்கலன்னு தெரியுமா?" என்றாள். "ஏன்?" என்றேன். "நான்தான் ஒருக்கா கேட்டேன், உங்க மருமகன்கிட்டக் குடுங்களேப்பான்னு. குடுத்தாக் கழட்டிருவாரு தாயி, ஓடலன்னாலும் பரவால்ல, முழுசாக் கெடக்கட்டும்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், பழைய கதை சொல்கிறவள் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பிடிக்காமல் இல்லை, என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவளிடமாவது சொல்லியிருக்கலாம், தொண்டை வரை வந்தது, உங்கப்பா சொன்னது சரி, கழட்டினேன், உடைச்சேன் என்று. "காபிக்குப் பால் இருக்கா?" என்று கேட்டேன். அவள் போய்விட்டாள்.

மூன்று பன்னிரண்டு. விநாடி முள் உட்கார்ந்துவிட்டது. கூட்டுக்குள் இறக்கு, குமிழைச் செருகு, திருகிப் பார், முள் நகர்கிறது, எங்கும் உரசவில்லை. மூடியைப் போடப் போனேன். மூடியின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கீறல்கள் இருக்கும், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஊசியால் தேதியும் ஒரு எழுத்தும் கீறி வைப்பது வழக்கம், அடுத்துத் திறக்கிறவனுக்கு ஒரு சேதி. மாமாவின் மூடியில் அப்படி இரண்டு இருக்கின்றன, எழுபத்தொன்பதில் ஒன்று, எண்பத்தெட்டில் ஒன்று, போடியிலோ கம்பத்திலோ யாரோ ஒரு கடைக்காரர். மிஷினை மாற்றிய அன்றைக்கு நான் கீறவில்லை. ஊசியை எடுத்தேன், கை போகவில்லை, வைத்துவிட்டேன். இன்றைக்குக் கீறினேன். என் எழுத்தும் இன்றைய தேதியும். மூடியை அழுத்தி மூடியதும் இரண்டு வருஷம் தலையில் சுமந்ததை இறக்கி வைத்தது போல இருந்தது. கண்ணாடிக்குப் பற்பசை தடவி, பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே நினைத்தேன், முடிந்தது, இனி மச்சானின் மணிக்கட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியதில்லை, இனி அவர் காதில் வைத்து அப்பா என்றால் அது அப்பாதான். நான் பொய்யன் இல்லை. பொய்யனாக இருந்தேன், மூன்று இருபது வரைக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், யார் காலிலும் விழாமல் யோக்கியன் ஆகிவிட்டேன். சாமர்த்தியம்தான். அயலூர்க்காரனை எடுத்து டப்பியில் போட்டு டிராயருக்குள் தள்ளினேன். அவன் உள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தான். பாவம், இரண்டு வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை.

மச்சான் மூன்று ஐம்பதுக்கு எழுந்தார். முகம் கழுவி, துண்டால் துடைத்து, பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் வாட்சைக் கொடுத்தேன். ஜெயக்கொடி காபியை நீட்டினாள். "கண்ணாடி புதுசாட்டம் இருக்கு மாப்ள," என்று ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காதில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. மற்ற காதுக்கு மாற்றினார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மீட்டரில் சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்க்கிறவன் போல.

"என்ன மாப்ள பண்ணீங்க?"

"கண்ணாடிதான் மச்சான். லேசாத் தொடச்சேன்."

"உள்ள ஏதோ பண்ணிருக்கீங்க. சத்தம் மாறிருச்சு." மறுபடி காதில் வைத்தார். "நொண்டுது. இது அப்பா இல்ல மாப்ள."

எண்ணெய் போட்டேன், இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லவிடாமல் செய்தது நேர்மை என்றால் எனக்குப் பெருமைதான், ஆனால் அது நேர்மை இல்லை, ரோஷம். இரண்டு வருஷம் பழகி, பதினான்கு மிஷினைப் பாழாக்கி, தலைமுடி அச்சைப் பொருத்தி, என் ஆயுசிலேயே உருப்படியாகச் செய்த ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆள் அப்பா இல்லை என்கிறார். "இதுதான் மச்சான் மாமா," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இன்னைக்குக் காலை வரைக்கும் நீங்க கேட்டதுதான் மாமா இல்ல." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. திருகு, அச்சு, தெவசம், மதுரை இரும்புக் கடை, கோயம்புத்தூர், இன்றைக்கு அவர் தூங்கும்போது செய்தது, எல்லாம் வந்துவிட்டது. ஜெயக்கொடி அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

மச்சான் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப அது யாரோடது?"

"தெரியாது மச்சான். கூடையோட வாங்குனது."

"யாருன்னே தெரியாதா?"

"தெரியாது."

அவர் வாட்சைப் பாயில் வைத்தார். உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்தார். "தெனமும் காலையில சாவி குடுக்கையில ஒரு வார்த்தை கேப்பேன் மாப்ள," என்றார். "கோயில்ல பூ கேக்குறதில்லயா, அது மாதிரி. காதுல வச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டு இருந்தா மனசுல ஒண்ணு சொல்லும். அப்பா சொல்றாருன்னு எந்திரிச்சிருவேன். ரெண்டு வருஷமா அவரக் கேக்காம ஒண்ணும் பண்ணலை." காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "பாப்பாவுக்கு வேற ஒரு பையன் மேல இஷ்டம். கூட வேலை பாக்குறவன். நல்ல பையன்தான், நானே போய் விசாரிச்சேன். எங்கிட்ட வந்து அழுதா. நான் அப்பாவக் கேட்டேன். வேணாம்னாரு. தாத்தா வேணாங்கறாரு தாயின்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணுமே கேக்கல மாப்ள, நீங்க பாத்துச் செய்ங்கன்னுட்டா." என்னைப் பார்த்தார். "வேணாம்னு சொன்னது யாரு?"

முப்பத்தெட்டு செத்த வாட்சுகளில் ஒன்று, அதை யார் கட்டியிருந்தானோ, அவனுக்குப் பிள்ளை குட்டி இருந்ததோ இல்லையோ, அந்த மிஷினை நான் மச்சான் காதில் கொண்டுபோய் வைத்தேன். என் பேர் கெடக் கூடாது என்று வைத்தேன். ஓரத்து நாற்காலியிலிருந்து முன் வரிசைக்கு வந்தேன், அதற்கு அந்தப் பிள்ளை அழுதிருக்கிறாள். கௌசிகாவைப் பிறந்த மூன்றாம் நாள் இந்தக் கையில் வாங்கியிருக்கிறேன். மச்சான் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அறையவில்லை. மெதுவாக வாட்சை மறுபடி எடுத்தார், காதுக்குக் கொண்டுபோனார், இப்போது மாமாவிடமே கேட்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் கண்ணை மூடுவதற்குள் ஜெயக்கொடி வந்துவிட்டாள். வாட்சை அவர் கையிலிருந்து பிடுங்கினாள், பிடுங்கி என்னிடம் கொடுக்கவில்லை, தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வைக்கான கணக்கைப் பிற்பாடு தீர்ப்பாள், தெரியும்.

"அப்பா செத்து மூணு வருஷமாச்சுண்ணே," என்றாள். "உசுரோட இருக்குறவளக் கேளு."

அவளே போனை எடுத்துக் கௌசிகாவுக்குப் போட்டாள். அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது, இரண்டு தடவை, மூன்று தடவை. மச்சான் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் விடவில்லை, போனை அவர் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "ஹலோ, அத்தை?" என்று கௌசிகாவின் குரல் கேட்டது. மச்சான் வாயைத் திறந்து மூடினார். ஹலோ ஹலோ என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"பாப்பா," என்றார். "அப்பா பேசறேன்."